எண்ணெய்க்கு மேல் நிறம் நிற்காது

சுவரில் எண்ணெய்க் கறை என்று பெயின்டரைக் கூப்பிடும் வீட்டுக்காரர்கள் அநேகமாக எல்லோரும் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: எந்த பெயின்ட் அடித்தால் இது மறையும்? ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை நீளும் இந்தக் கடற்கரையோரத்தில் பல்லாண்டுகளாகச் சுவரோடு பழகிய எந்த மேஸ்திரியைக் கேட்டாலும் பதிலும் ஒன்றுதான் வரும். எந்த பெயின்டும் மறைக்காது. விலை கூடின பெயின்ட் கொஞ்ச நாள் கூடுதலாகத் தாக்குப்பிடிக்கும், அவ்வளவே. எண்ணெய் சுவரில் இருக்கும்வரை அதன்மேல் எதைப் பூசினாலும் தங்காது. எண்ணெயை எடுத்தாக வேண்டும். எடுக்க முடியாத அளவுக்கு உள்ளே போயிருந்தால் அந்தச் சிமென்ட் பூச்சையே எடுத்தாக வேண்டும். இந்த எளிய விதியை வீட்டுக்காரரும் ஏற்பதில்லை, வேலைக்கு விலை பேசுகிறவரும் ஏற்பதில்லை, வெள்ளம் வடிந்தபின் நிவாரணம் கணக்கிடுகிறவர்களும் ஏற்பதில்லை. வடசென்னைச் சுவர்கள் கடந்து வந்த காலங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், விதியை மீறிய இடத்திலெல்லாம் ஒரே வேலைக்கு இரண்டு முறை பணம் போயிருப்பது தெரியும்.

சுண்ணாம்பு அடித்த காலத்தில் இந்தத் தொல்லையே இல்லை என்று சொல்பவர்கள் உண்டு. தொல்லை அப்போதும் இருந்தது. போகிக்கு முன்னால் ஆண்டுதோறும் வெள்ளையடிக்கும் வழக்கம் அதைப் பெரிதாக வளரவிடாமல் பார்த்துக்கொண்டது. கிளிஞ்சல் சுண்ணாம்பை நீற்றி, வஜ்ஜிரம் காய்ச்சி ஊற்றி, வெளுப்புக்குக் கொஞ்சம் நீலம் கலந்து மட்டையால் அடித்தார்கள். விளக்கு மாடத்துக்கு மேலே நல்லெண்ணெய்ப் புகை, சமையல்கட்டில் மண்ணெண்ணெய் ஸ்டவ்வின் கரிமசி, திண்ணைச் சுவரில் சாய்ந்து உட்காருகிறவர்களின் தலை எண்ணெய் என எல்லாம் சுண்ணாம்பின் மேல்பொருக்கில்தான் முதலில் ஊறின. அந்தப் பொருக்கைத் தகட்டால் சுரண்டினால் எண்ணெயும் அதோடு போய்விடும். சுரண்டாமல் அடித்த வீட்டில் பங்குனிக்குள் மஞ்சள் திட்டு மேலே வந்துவிடும். ஆகவே அந்தக் காலத்து வெள்ளையடிப்பில் பாதி வேலை சுரண்டல்தான். மட்டை பிடிப்பது மீதிப் பாதி. கை படும், தலை படும் இடங்களில் இடுப்பளவு உயரத்துக்கு அடர்நிற எனாமல் அடித்து அடிப்பட்டை விட்டதும் இதே அறிவிலிருந்து வந்ததுதான். கழுவக்கூடிய பரப்பை எண்ணெய் வரும் இடத்தில் முன்கூட்டியே வைத்துவிட்டார்கள். இப்போது அதை அழகில்லை என்று விட்டுவிட்டோம்.

கறையை எடுப்பது என்று முடிவானால், அது எந்த எண்ணெய் என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய், மீன் வறுத்த எண்ணெய் போன்றவை காரத்தோடு சேர்ந்தால் சோப்பாக மாறும் குணம் உள்ளவை. அதனால் சலவை சோடா கரைத்த வெதுவெதுப்பான தண்ணீர் அவற்றை இளக்கும். ஆனால் சூட்டிலும் காற்றிலும் மாதக்கணக்கில் கிடந்தால் இவற்றில் தேங்காயெண்ணெய் தவிர மற்றவை இறுகி, நகத்தால் கீறினால் சுருண்டு வரும் பிசுக்காகிவிடும். ஆளிவிதை எண்ணெய் காய்ந்து பெயின்டாக இறுகுகிற அதே விதம்தான் இது. நேற்றுத் தெறித்ததற்குப் பாத்திரம் தேய்க்கும் திரவம் இரண்டு சொட்டு போதும், போன வருடத்துப் பிசுக்குக்கு சோடாத் தண்ணீரை ஒற்றி வைத்துப் பத்து நிமிடம் பொறுக்க வேண்டும் என்பதற்குக் காரணம் அதுதான். டீசல், கிரீஸ், ஃபர்னஸ் ஆயில், கச்சா எண்ணெய் ஆகியவை வேறு குலம். காரம் அவற்றைச் சோப்பாக்காது. காசிமேட்டில் விசைப்படகு எஞ்சின் பார்க்கிறவர்களின் வீடுகளில் சுவிட்சுபோர்டைச் சுற்றிப் படியும் கறுப்பு வட்டத்தைச் சோடாவால் தேய்த்தால் பெயின்ட்தான் உரியும், கிரீஸ் அப்படியே நிற்கும். அங்கே மெயினை அணைத்துவிட்டு, பாத்திரத் திரவத்தைத் தண்ணீர் அதிகம் சேர்க்காமல் துணியில் தொட்டுத் துடைக்க வேண்டும். அதற்கும் மசியாவிட்டால் சாக்குக்கட்டித் தூளைச் சிறிதளவு மினரல் டர்பன்டைனில் பிசைந்து அப்பி எடுக்கலாம். சீயக்காய் தலை எண்ணெயை எடுப்பதால் சுவர் எண்ணெயையும் எடுக்கும் என்று நம்புகிறவர்கள் உண்டு. எடுக்கும்தான். கூடவே வெள்ளைச் சுவரில் பழுப்பையும் ஏற்றிவிடும்.

டிஸ்டம்பர் வந்து, பிறகு வால் புட்டியும் எமல்ஷனும் வந்தபோது சுவர் வழவழப்பானது. கழுவலாம் என்ற வாக்குறுதியும் சேர்ந்து வந்தது. அந்த வாக்குறுதி பாதிதான் உண்மை. டிஸ்டம்பரை ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தாலே நிறம் துணியில் வந்துவிடும். பளபளப்பில்லாத மலிவு எமல்ஷனில் சுண்ணத்தூள் அதிகம், பிசின் குறைவு. அது எண்ணெயை உறிஞ்சும். தேய்த்தால் தேய்த்த இடம் மட்டும் மினுங்கும். மினுமினுப்புள்ள எமல்ஷன் மட்டுமே ஓரளவு கழுவத் தாங்கும். எதுவானாலும் கதவுக்குப் பின்னாலோ காலண்டருக்குப் பின்னாலோ ஓர் அங்குல இடத்தில் சோதித்த பிறகே சுவரின் நடுவுக்கு வர வேண்டும். கழுவும் திசையிலும் ஒரு தொழில் நுணுக்கம் இருக்கிறது. மேலிருந்து கீழே கழுவினால் அழுக்குத் தண்ணீர் காய்ந்த சுவரில் கோடு கோடாக இறங்கி, அந்தக் கோடுகள் கறையைவிடப் பிடிவாதமாக நிற்கும். ஆகவே சோப்புத் தண்ணீரைக் கீழிருந்து மேலாக ஏற்றி, அலசும் சுத்தத் தண்ணீரை மட்டும் மேலிருந்து கீழாக இறக்க வேண்டும். துணியை வட்டமாகச் சுழற்றாமல் கறையின் ஓரத்திலிருந்து நடுவுக்கு ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும். காய்ந்த பிறகு கையால் தண்ணீர் தெளித்துப் பார்த்தால் வேலை முடிந்ததா என்று சுவரே சொல்லிவிடும். தண்ணீர் படர்ந்தால் எண்ணெய் போய்விட்டது. முத்து முத்தாக உருண்டு நின்றால் இன்னும் இருக்கிறது.

இந்தப் பகுதிக்கென்று தனியாக ஒரு சிக்கல் தூசு. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதும் கையாளப்பட்ட காலத்தில் ராயபுரம் வீடுகளின் சன்னல் ஓரச் சுவர்கள் கறுத்துப்போயின. நிலக்கரித் தூசு காய்ந்த சுவரில் அவ்வளவாக ஒட்டாது, துடைப்பத்துக்கு உதிர்ந்துவிடும். சமையல் எண்ணெயின் ஆவி மெல்லிய படலமாகப் படிந்த சுவரில்தான் அது பிடித்துக்கொண்டு தார் போலாகும். ஒரே தெருவில், ஒரே காற்றில், முன்னறையைவிட அடுக்களை பல மடங்கு கறுத்ததற்குக் காரணம் இதுதான். 2011ல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் அந்தச் சரக்குகள் சென்னைத் துறைமுகத்தை விட்டு வெளியேறின. நிலக்கரி எண்ணூருக்குப் போனது. ராயபுரத்தில் சுவர்கள் கறுப்பது குறைந்தது. அனல்மின் நிலையச் சாம்பலை ஏற்கெனவே சுமந்துகொண்டிருந்த எண்ணூர்ப் பக்கத்துக்கு நிலக்கரித் தூசும் கூடியது. தூசு எங்கிருந்து வந்தாலும் பிடித்துவைப்பது எண்ணெய்தான் என்பதால், சுவரைக் காக்க நினைக்கிறவர் தூசு தட்டுவதைவிட அடுப்பங்கரைப் படலத்தை மாதம் ஒருமுறை துடைப்பதில் கவனம் வைக்க வேண்டும். உப்புக்காற்று இன்னொரு குழப்பத்தைச் செய்யும். உப்புப் பூத்த ஈரத்திட்டை எண்ணெய்க் கறை என்று நினைத்துச் சோப்புப் போட்டுத் தேய்ப்பவர்கள் ஏராளம். ஈரத்திட்டு மழைக்குப் பெருத்து வெயிலுக்குச் சிறுக்கும், ஓரத்தில் வெள்ளைப் பொடி உதிரும். எண்ணெய்த் திட்டு கோடையில் இன்னும் அடர்ந்து தெரியும். சந்தேகம் என்றால் அதன்மேல் வெள்ளைத்தாளை வைத்து மிதமான சூட்டில் இஸ்திரிப் பெட்டியால் அழுத்தலாம். எண்ணெய் என்றால் தாளில் ஒளி ஊடுருவும் புள்ளி விழும்.

2017 ஜனவரி 28 அதிகாலையில் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பிடபிள்யூ மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. கசிந்த எரிஎண்ணெய் எர்ணாவூர்க் கரையில் கூழாக ஒதுங்கியது. அதை மனிதர்கள் வாளியால் அள்ளியதை நாடே பார்த்தது. அப்போது எண்ணெய் கடலோடும் பாறையோடும் பெரும்பாலும் நின்றது. வீட்டுக்கு வந்ததெல்லாம் கையிலும் காலிலும் உடையிலும் ஒட்டி வந்ததுதான். வாசற்படி ஓரம், குளியலறைச் சுவர், துணி மாட்டும் ஆணியைச் சுற்றிய இடம் என்று சின்னச் சின்னக் கறைகள். கனத்த எண்ணெய் என்பதால் அது சுவருக்குள் வேகமாக இறங்காது, மேலே கட்டியாக நிற்கும். அதைத் தேய்க்காமல் தகட்டால் வழித்தெடுத்து, மீதியைச் சாக்குக்கட்டித் தூளை டர்பன்டைனில் பிசைந்து அப்பி எடுக்க முடியும். தூள் காயக் காய எண்ணெயை வெளியே இழுத்துக்கொள்ளும். பொடியைத் தட்டிவிட்டு மறுபடி ஒருமுறை அப்பலாம். அவசரப்பட்டு ஈரத்துணியால் இழுத்த இடங்களில் உள்ளங்கை அளவுக் கறை ஒரு முழத்துக்குப் பரவியது.

2023 டிசம்பரில் வந்தது வேறு ரகம். மிக்ஜாம் புயல் மழையில் மணலி தொழிற்பகுதியிலிருந்து வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து பக்கிங்காம் கால்வாய் வழியே கொசஸ்தலை ஆற்றுக்கும் எண்ணூர் முகத்துவாரத்துக்கும் போனது. சிபிசிஎல் சுத்திகரிப்பு ஆலையின் பக்கமிருந்து எண்ணெய் வந்ததாக மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சொன்னது, தங்கள் குழாய்களில் கசிவில்லை என்று நிறுவனம் முதலில் சொன்னது, தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து விசாரித்தது எல்லாம் செய்திகளில் வந்தவை. பெயின்டிங் தொழிலுக்கு அதில் முக்கியமான செய்தி ஒன்று: எண்ணெய் இம்முறை தண்ணீர்மேல் மிதந்து வீட்டுக்குள்ளேயே வந்தது. எர்ணாவூர், திருவொற்றியூர்ப் பக்கத்துத் தாழ்வான தெருக்களில் தண்ணீர் நின்ற மட்டத்தில் கறுப்புக் கோடு விழுந்தது. தண்ணீர் இறங்க இறங்க அந்தக் கோடு பட்டையாகித் தரைவரை வந்தது. ஒரு கறை என்றால் ஒற்றி எடுக்கலாம். நான்கு சுவரும் இடுப்பளவுக்கு எண்ணெயில் நனைந்தால் அது வேலையின் அளவையே மாற்றிவிடுகிறது.

அங்கே பெரும்பாலோர் செய்தது பிளீச்சிங் பவுடர் தெளித்துக் கழுவி, சுவர் காய்வதற்குக் காத்திருந்து, பொங்கலுக்குள் பெயின்ட் அடித்ததுதான். வெள்ளத்துக்குப் பின் கிருமிக்கு பிளீச்சிங் பவுடர் சரி. எண்ணெயை அது தொடாது. அதை ஆசிடோடு கலந்தால் மூச்சை அடைக்கும் குளோரின் வாயு வரும் என்பதால், கறை போகவில்லையே என்று இரண்டையும் சேர்த்து ஊற்றுவது உயிருக்கு ஆபத்து. காய்வதற்குக் காத்திருந்ததில்தான் பெரிய இழப்பு நேர்ந்தது. வெள்ளத்தில் ஊறிய சுவரின் நுண்துளைகளில் தண்ணீர் நிறைந்திருக்கும். அந்த நிலையில் எண்ணெய் மேற்பரப்பில்தான் நிற்க முடியும். தண்ணீர் ஆவியாகத் துளைகள் காலியாகும்போதுதான் அது உள்ளே இழுபடும். ஆகவே தண்ணீர் வடிந்த அன்றே, சுவர் ஈரமாக இருக்கும்போதே, பாத்திரத் திரவத்தைக் கெட்டியாகப் பூசித் தேய்த்து அலசியிருந்தால் போகக்கூடிய எண்ணெய், பத்து நாள் வெயில் பட்டபின் சிமென்ட் பூச்சுக்குள் குடியேறிவிடுகிறது. தை மாதத்தில் அடித்த பெயின்ட் அப்போது சுத்தமாகத்தான் தெரியும். சித்திரை வெயிலில் சுவர் சூடேறியதும் உள்ளே இருக்கும் கனத்த எண்ணெய் இளகிப் புது பெயின்டின் அடியில் வியர்த்து நிற்கும். முதலில் பழுப்பு நிழல், பிறகு பிசுபிசுப்பு, பிறகு தோலாக உரிதல்.

இதற்கு மறுப்புகள் உண்டு. ஆயில் பிரைமரோ அரக்குப் பிரைமரோ ஒரு கை அடித்தால் கறை அடைபட்டுவிடுமே என்பது முதல் மறுப்பு. தொழில் தெரிந்தவர்களே சொல்லும் மறுப்பு என்பதால் அதை எளிதாகத் தள்ள முடியாது. மேல் எண்ணெயை முழுதும் எடுத்துவிட்டு, தெளித்த தண்ணீர் படரும் நிலை வந்தபின், உள்ளே மிஞ்சியிருக்கும் நிழலை அடைக்க அந்தப் பிரைமர்கள் உண்மையிலேயே உதவுகின்றன. எண்ணெய் இருக்கும்போதே அதன்மேல் அடித்தால் பிரைமருக்கும் பிடிப்பில்லை. அது எண்ணெயில் மிதக்கும் இன்னொரு ஆடை. இந்தப் பகுதியில் இன்னொரு சிக்கலும் உண்டு. கடலோரச் சுவரில் எப்போதும் கொஞ்சம் ஈரம் இருக்கும். சுவாசிக்க விடாத ஆயில் படலத்தை அதன்மேல் மூடினால் ஈரம் பின்னாலிருந்து தள்ளிக் கொப்பளம் கிளப்பும். பிரைமர் கடைசிப் படி. முதல் படியாக வைத்தால் தோற்றுப்போகும். டைல்ஸ் ஒட்டிவிட்டால் பிரச்சினை முடிந்ததே என்பதும் இதே வகை. எண்ணெய் ஊறிய பூச்சைச் சிமென்ட் கவ்வாது. தட்டினால் வெற்றோசை வரும் டைல்ஸ் எல்லாம் அப்படிக் கவ்வாமல் நிற்பவைதான்.

பெட்ரோலோ மண்ணெண்ணெயோ தின்னரோ தொட்டுத் துடைத்தால் கண்ணெதிரிலேயே கறை போகிறதே என்பது இரண்டாவது மறுப்பு. போகிறது, ஆனால் உள்பக்கமாகப் போகிறது. கரைந்து நீர்த்த எண்ணெய் முன்னைவிட எளிதாகத் துளைக்குள் இறங்கும். தின்னர் ஆவியானபின் பழைய கறையைச் சுற்றிப் பெரிய வளையம் தெரியும். எமல்ஷன் படலமும் அதில் இளகிவிடும். கேஸ் அடுப்பு இருக்கும் சின்ன அறையில் பெட்ரோல் துணி வைத்துத் தேய்ப்பது எவ்வளவு ஆபத்து என்று சொல்லத் தேவையில்லை. கரைப்பான் தேவைப்படும் இடம் உண்டு என்பதை முன்னமே சொன்னேன். அங்கேயும் அது சாக்குக்கட்டித் தூளோடு சேர்ந்து எண்ணெயை வெளியே இழுக்கப் பயன்பட வேண்டும், சன்னல் திறந்திருக்க வேண்டும், அடுப்பு அணைந்திருக்க வேண்டும். பழைய எனாமல் அடித்த சுவரென்றால் உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தூசு கிளப்பவும் கூடாது. வீட்டு பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் போகக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமலில் எவ்வளவு ஈயம் இருக்கும் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஈரமாக்கித்தான் தேய்க்க வேண்டும், குழந்தைகளை வெளியே அனுப்பிவிட வேண்டும்.

மூன்றாவது மறுப்புதான் கனமானது. கூலி வேலைக்குப் போகிற குடும்பம் இவ்வளவு செய்ய முடியுமா, பெயின்டர்கள் பில்லை ஏற்றுவதற்குத்தானே சுத்தம், சுரண்டல், பூச்சு என்று அடுக்குகிறார்கள்? அப்படி ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இந்த வேலையில் விலை உயர்ந்த பொருள் எது என்று பார்த்தால் பெயின்டும் பிரைமரும்தான். சலவை சோடா, பாத்திரத் திரவம், சாக்குக்கட்டித் தூள், பழைய துணி எதுவும் பெரிய செலவில்லை. அதில் போடுவது உடல் உழைப்பு, அதை வீட்டாரும் செய்யலாம். பணம் குறைவாக இருந்தால் குறைக்க வேண்டியது பெயின்டின் தரத்தையும் கோட்டிங் எண்ணிக்கையையும்தான். சுத்தமான சுவரில் மலிவு பெயின்ட் பல ஆண்டு நிற்கும். எண்ணெய்ச் சுவரில் உயர்ந்த பெயின்ட் ஒரு கோடையைத் தாண்டாது. ஏமாற்றுகிறார்களா என்று சந்தேகப்படுகிறவருக்குத் தண்ணீர்ச் சோதனை இருக்கிறது. பெயின்டர் சொல்வதை நம்ப வேண்டியதில்லை, சுவரில் தெளித்துப் பார்த்தால் போதும். இரண்டு முறை கழுவி, தூள் அப்பி எடுத்த பிறகும் தண்ணீர் உருண்டு நிற்கும் சுவரில்தான் கறைக்கோட்டுக்கு ஓர் அடி மேலே வரை பூச்சைக் கொத்திவிட்டுப் புதிதாகப் பூச வேண்டிவரும். அந்தப் பூச்சு ஆறி உலர நான்கு வாரமாவது விட வேண்டும். வாடகை வீட்டில் இருப்பவரால் அது முடியாது என்பது உண்மை. ஆனால் முடியாத நிலை, மறைத்து அடிப்பதைச் சரியான வழியாக ஆக்கிவிடாது. அது யார் தலையில் விழ வேண்டிய செலவு என்ற கேள்வியைத்தான் எழுப்புகிறது.

அந்தக் கேள்விக்கு 2023ல் கிடைத்த பதில் போதவில்லை. எண்ணெய்க் கசிவால் பாதிக்கப்பட்ட மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய், படகு ஒன்றுக்குச் சீரமைக்க 10,000 ரூபாய், மற்றக் குடும்பங்களுக்கு 7,500 ரூபாய் என்று அரசு அறிவித்தது. படகில் ஒட்டிய எண்ணெயை எடுப்பது தனி வேலை, அதற்குத் தனிக் கூலி வேண்டும் என்பதை அந்த அறிவிப்பு ஒப்புக்கொண்டது. அதே எண்ணெய் ஒட்டிய சுவருக்கு அப்படி ஒரு வரி இல்லை. வீட்டில் பெயின்ட் வேலைக்கு விலை பேசும்போதும் இதே ஓட்டைதான்: சதுர அடிக்கு இவ்வளவு என்று பெயின்டோடு சேர்த்துப் பேசி முடிப்பதால், சுத்தம் செய்யும் உழைப்பு கணக்கில் எங்கும் தெரிவதில்லை, தெரியாத வேலையை யாரும் செய்வதுமில்லை. எனவே வீட்டுக்காரர் விலைப்பட்டியலில் எண்ணெய் எடுக்கும் கூலியைத் தனி வரியாக எழுதச் சொல்ல வேண்டும், தண்ணீர் படர்ந்ததைப் பார்த்த பிறகே பிரைமர் டப்பாவைத் திறக்க விட வேண்டும். வெள்ளச் சேதம் கணக்கெடுக்க வருகிறவர்களிடம் கறைக்கோட்டின் உயரத்தையும் சுவரின் நீளத்தையும் அளந்து எழுதிக் கொடுக்க வேண்டும்; கழுவும் முன் ஒரு படமும் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். கழுவிய தண்ணீரைக் கால்வாயில் விடாமல் மரத்தூளிலோ மணலிலோ ஊறவிட்டுத் தனியாக அகற்றுவதற்கும் செலவு உண்டு, அதையும் சேர்த்து எழுதலாம். எண்ணெய் எடுக்கும் செலவு தாளில் ஏறினால்தான் அதை யார் தர வேண்டும் என்று கேட்க முடியும். அதுவரை ஒவ்வொரு கசிவுக்கும் கட்டணம் கட்டுவது, பொங்கலுக்கு ஒருமுறை, கோடைக்கு ஒருமுறை என்று பெயின்ட் வாங்கும் எர்ணாவூர்க் குடும்பம்தான்.